கோவையிலிருந்து துபாய் எவ்வளவு தூரம்?

கோவை விமான நிலையத்திலிருந்து துபாய்க்கு நேர்வழியில் அளந்தால் ஏறக்குறைய 2,780 கி.மீ. கொச்சி நெடும்பாசேரியிலிருந்து அளந்தாலும் அதே அளவுதான்; இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பத்து கி.மீ.கூட இராது. நிலவியல் இரு நகரங்களுக்கும் ஒரே தூரத்தைத்தான் வழங்கியிருக்கிறது. ஆனால், கொச்சியில் விமானம் ஏறுபவர் நான்கு மணி நேரத்தில் துபாயில் இறங்குகிறார். பீளமேட்டில் விமான நிலையத்தைக் கண்ணெதிரே வைத்திருக்கும் கோவைவாசியோ, அதே ஊருக்குப் போக மும்பை, பெங்களூரு, கொச்சி என்று வேறொரு நகரத்தைத் தேடிச் செல்கிறார். எட்டு முதல் பத்து மணி நேரம் அவருக்குப் பயணத்திலேயே கழிகிறது.

கோவையிலிருந்து சார்ஜாவுக்கும் அபுதாபிக்கும் சிங்கப்பூருக்கும் நேரடி விமானங்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன, அவை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும். ஆனால், எல்லாவற்றையும் கூட்டினாலும் நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பன்னாட்டுப் புறப்பாடுகளே தேறுகின்றன. 2012-இல் பன்னாட்டு விமான நிலையம் என்ற தகுதியைப் பெற்ற, ஆண்டுக்கு 30 லட்சத்தை ஒட்டிய பயணிகளைக் கையாளும் நிலையத்துக்கு இது போதுமானதன்று. துபாய்க்கு நேரடி விமானம் வேண்டும் என்று கோவை, திருப்பூர் தொழில் அமைப்புகள் ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்துவருகின்றன. இந்தக் கோரிக்கையைச் சில தொழிலதிபர்களின் வசதிக்கான கோரிக்கையாக மட்டும் பார்ப்பது சரியாகாது. ஒரு பகுதியின் நேரத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

தூரமும் நேரமும்

இரு நகரங்களுக்கு இடையிலான தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்றே பலரும் எண்ணுகிறோம். கணக்கு அவ்வளவு எளிதன்று. விமான நிறுவனங்கள் அட்டவணையில் காட்டும் நேரம், விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கியது முதல் மறுமுனையில் நிறுத்துமிடத்தை அடைவது வரையிலானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்க அனுமதி கிடைக்கும்வரை வானில் வட்டமிடுவது எல்லாம் அதில் அடக்கம். குளிர்காலத்தில் வட இந்தியா, வளைகுடாப் பகுதிகளின் உயர்வானில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பெருங்காற்று, திரும்பிவரும் விமானத்தைச் சற்று முன்னதாகவே கொண்டுவந்து சேர்க்கும். போகும் விமானத்தைச் சற்றுத் தாமதப்படுத்தும்.

இதனால்தான் குறுந்தொலைவுப் பயணங்களில் விமானத்தின் வேகம் பெரும் ஆதாயத்தைத் தருவதில்லை. கோவைக்கும் சென்னைக்கும் வான்வழித் தூரம் ஏறக்குறைய 405 கி.மீ. பறக்கும் வேகத்தை மட்டும் பார்த்தால் அரை மணி நேரம் போதும். அட்டவணையிலோ ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வீட்டிலிருந்து விமான நிலையம் செல்லும் நேரம், முன்கூட்டியே வந்து காத்திருக்கும் நேரம், சென்னையில் இறங்கி நகருக்குள் செல்லும் நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் வாசலிலிருந்து வாசல்வரை நான்கு அல்லது நான்கரை மணி நேரம் ஆகிவிடுகிறது.

இதே பயணத்தை ரயிலோடு ஒப்பிடலாம். 2023 ஏப்ரல் 8 அன்று தொடங்கிவைக்கப்பட்ட சென்னை - கோவை வந்தே பாரத் ரயில் சுமார் 495 கி.மீ. தொலைவை 5 மணி 50 நிமிடங்களில் கடக்கும் வகையில் அறிமுகமானது. சராசரி வேகம் மணிக்கு 85 கி.மீ. மட்டுமே. இது 120 கி.மீ.யாக உயர்ந்தால் பயணம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்குக் குறையும். அப்போது விமானத்துக்கான தேவையே பாதியாகிவிடும். ஈரோட்டுக்காரருக்கு இப்போதே ரயில்தான் விரைவு. கோவை விமான நிலையத்துக்கு வந்து சேரவே அவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும். ரயிலிலோ ஐந்து மணி நேரத்துக்குள் சென்னையை அடைந்துவிடலாம். ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குள் செல்லக்கூடிய ஊர்களுக்கு இடையிலான உள்நாட்டு விமானங்களை 2023-இல் பிரான்ஸ் தடைசெய்ததும் இத்தகைய சிந்தனையின் விளைவுதான். தரையில் தகுந்த வேகத்தைத் தந்துவிட்டால் வானத்தை நெடுந்தொலைவுக்கு ஒதுக்கலாம்.

நெடுந்தொலைவுப் பயணத்தில் நிலைமை தலைகீழ். அங்கே விமானத்துக்கு மாற்று இல்லை. கோவையிலிருந்து மும்பை 1,000 கி.மீ.; மும்பையிலிருந்து துபாய் சுமார் 1,930 கி.மீ. இரண்டையும் கூட்டினால் 2,930 கி.மீ. நேர்வழியைவிட 150 கி.மீ.தான் அதிகம், பறக்கும் விமானத்துக்கு அது பன்னிரண்டு நிமிட வேலை. ஆனால், மும்பையில் இறங்கி, முனையம் மாறி, குடியேற்றச் சோதனை முடித்து அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதில் மூன்று நான்கு மணி நேரம் போய்விடுகிறது. சென்னை வழியாகச் சென்றால் இன்னும் வேடிக்கை: மேற்கே இருக்கும் ஊருக்குப் போக முதலில் கிழக்கே 400 கி.மீ. பறக்க வேண்டும். கொச்சி வழியாகச் செல்வோர் பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து 160 கி.மீ. சாலைப் பயணம் மேற்கொள்கிறார்கள். நள்ளிரவு விமானத்துக்கு மாலையிலேயே புறப்படுகிறார்கள். ஆக, கொங்கு மண்டலத்துப் பயணியின் நேரத்தைத் தின்பது தொலைவன்று, காத்திருப்புதான்.

டெல்லியிலிருந்து வரைந்த வட்டம்

இந்தக் காத்திருப்பின் காரணம் வானத்தில் இல்லை, ஒப்பந்தங்களில் இருக்கிறது. 1944-இல் கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்பரப்பின் மீது முழு இறையாண்மை உண்டு. எனவே, எந்த நாட்டின் விமானம் எந்த ஊரில் இறங்கலாம், வாரத்துக்கு எத்தனை இருக்கைகளை இயக்கலாம் என்பதை இரு அரசுகள் பேசி முடிவுசெய்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தைப் பொறுத்தவரை துபாய், அபுதாபி, சார்ஜா என்று ஒவ்வோர் அமீரகத்துடனும் இந்தியா தனித்தனியாக ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறது. சார்ஜாவுடனான ஏற்பாட்டில் கோவைக்கு இடம் கிடைத்தது; அதனால் சார்ஜா நிறுவனத்தின் விமானம் இங்கே வருகிறது. துபாயுடனான ஏற்பாட்டில் கோவை இல்லை. அதனால் துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனங்கள் விரும்பினாலும் இங்கே இறங்க முடியாது.

இந்திய நிறுவனங்களுக்குத் தடையில்லை என்பது உண்மைதான். ஆனால், துபாய்க்கான ஒதுக்கீடு ஒரு தரப்புக்கு வாரத்துக்கு சுமார் 66,000 இருக்கைகள் என்று 2014-இல் நிர்ணயிக்கப்பட்டது. அந்த அளவு ஏறக்குறைய முழுமையாகப் பயன்படுத்தப்பட்டுவரும் நிலையில், ஓர் இந்திய நிறுவனம் கோவையிலிருந்து புதிதாக ஒரு விமானத்தை இயக்க வேண்டுமானால் மும்பையிலோ டெல்லியிலோ ஒன்றைக் குறைக்க வேண்டியிருக்கும். இலாபம் நிச்சயமான இடத்திலிருந்து விமானத்தை எடுத்து, இனிமேல் சந்தையை உருவாக்க வேண்டிய இடத்தில் விட எந்த நிறுவனமும் எளிதில் முன்வராது.

2016-இல் வெளியான தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கையில் ஒரு பிரிவு உண்டு. சார்க் நாடுகளுடனும், டெல்லியிலிருந்து 5,000 கி.மீ.க்கு அப்பால் முழுமையாக அமைந்துள்ள நாடுகளுடனும் பரஸ்பர அடிப்படையில் கட்டுப்பாடற்ற விமானச் சேவைக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்கிறது அது. கோவைக்கு ஏறக்குறைய நேர் வடக்கே 1,950 கி.மீ. தொலைவில் இருக்கிறது டெல்லி. அதை மையமாக வைத்து ஒரு வட்டம் வரைந்தால் துபாய், அபுதாபி, மஸ்கட், தோஹா, சிங்கப்பூர், கோலாலம்பூர் எல்லாமே அதற்குள் விழுகின்றன. கொங்கு மண்டலத்து மக்கள் வணிகத்துக்கும் வேலைக்கும் உறவுகளைப் பார்க்கவும் அதிகம் செல்லும் நாடுகள் எல்லாம் கட்டுப்பாட்டு வளையத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்கின்றன.

தென்கிழக்கு ஆசியாவுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ஆசியான் நாடுகளின் விமான நிறுவனங்கள் எண்ணிக்கை வரம்பின்றிப் பறந்துவர 18 இந்திய ஊர்களை மத்திய அரசு திறந்துவிட்டது. அந்தப் பட்டியலில் கொச்சி, கோழிக்கோடு, திருவனந்தபுரம், திருச்சி ஆகியவை உள்ளன, கோவை இல்லை. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் விமானங்கள் பெருகியதில் காவிரிப் படுகை மக்களின் புலம்பெயர்வுக்கு எவ்வளவு பங்குண்டோ, அதே அளவு இந்தப் பட்டியலுக்கும் உண்டு. கோவைக்குச் சிங்கப்பூர் விமானம் வருவது அந்த நாட்டுடனான தனி ஏற்பாட்டினால்தான்.

மறுதரப்பு நியாயம்

மத்திய அரசின் தயக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வளைகுடா நிறுவனங்கள் கோவையிலிருந்து துபாய்க்குச் செல்பவர்களை மட்டும் ஏற்றிச் செல்வதில்லை. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் செல்வோரையும் தங்கள் நகரம் வழியாகத் திருப்பிவிடுகின்றன. ஒவ்வோர் இந்திய ஊரையும் அவர்களுக்குத் திறந்துவிட்டால், டெல்லியையும் மும்பையையும் பன்னாட்டு இணைப்பு மையங்களாக வளர்க்கும் முயற்சி நீர்த்துப்போகும். நெடுந்தொலைவு விமானங்களுக்குப் பெரும் முதலீடு செய்திருக்கும் இந்திய நிறுவனங்கள் பாதிக்கப்படும். பெருநகர் அல்லாத ஊர்களை வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் புதிதாகத் திறப்பதில்லை என்ற நிலைப்பாட்டின் பின்னணி இதுதான். 2018-இல் திறக்கப்பட்ட கண்ணூர் விமான நிலையம் நீண்ட ஓடுபாதையுடன் நின்றும், இதே காரணத்தால் வெளிநாட்டு நிறுவனங்களுக்காகக் காத்திருக்கிறது.

ஆனால், இந்த வாதத்தில் ஒரு கணக்கு விடுபட்டுள்ளது. இந்திய நிறுவனங்களைப் பாதுகாப்பதற்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? டெல்லிவாசியோ மும்பைவாசியோ கொடுப்பதில்லை. அவர்களுக்கு உள்நாட்டு, வெளிநாட்டு நிறுவனங்கள் இரண்டும் போட்டிபோட்டுக் கொண்டு சேவை தருகின்றன. கோவை, கண்ணூர் போன்ற ஊர்களின் பயணிகள்தாம் தங்கள் நேரத்தாலும் பணத்தாலும் அதைக் கொடுக்கிறார்கள். ஒரு தேசிய நோக்கத்துக்கான சுமையைச் சில ஊர்கள் மட்டும் சுமப்பது முறையன்று. இந்திய நிறுவனங்கள் நேரடிச் சேவை தரும் ஊர்களில் அவற்றுக்குப் பாதுகாப்புக் கொடுப்பதில் பொருளுண்டு. அவை சேவையே தராத ஊரில் எதைப் பாதுகாக்கிறோம்?

இழப்பு எங்கே?

பின்னலாடை ஏற்றுமதியில் மட்டும் ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஈட்டும் நகரம் திருப்பூர். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது, ஒரே சந்தையை நம்பியிருப்பதன் ஆபத்தை அந்த நகரம் உணர்ந்தது. மாற்றுச் சந்தைகளைத் தேட வேண்டிய கட்டாயம் வந்தது. ஐக்கிய அரபு அமீரகத்துடனான விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம் 2022 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிட்டனுடனான வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜூலையில் கையெழுத்தானது. சுங்கவரியைக் குறைக்க ஓர் ஒப்பந்தம் போட்ட அரசு, அந்த வரிச் சலுகையைப் பயன்படுத்த வேண்டிய ஊரை இன்னோர் ஒப்பந்தத்தில் விட்டுவிட்டிருக்கிறது.

ஆடை வணிகத்தில் கொள்முதலாளர் நேரில் வந்து துணியைத் தொட்டுப் பார்ப்பதும் மாதிரிகள் ஓரிரு நாள்களில் போய்ச் சேருவதும் முக்கியம். இரண்டு நாள் அவகாசத்தில் ஆசியாவுக்கு வரும் ஐரோப்பிய அதிகாரி, நேரடி விமானம் உள்ள டாக்காவையோ ஹோ சி மின் நகரையோ தேர்ந்தெடுப்பது இயல்பு. ஒவ்வொரு பயணிகள் விமானத்தின் அடிவயிற்றிலும் சரக்குக்கு இடம் இருக்கிறது. பயணிகள் விமானம் வராத ஊருக்கு அந்த இடமும் கிடைப்பதில்லை. மாதிரித் துணிகள், பம்புசெட்டு உதிரிபாகங்கள், நீலகிரிக் காய்கறிகள், சத்தியமங்கலத்து மல்லிகை என்று நேரத்தோடு போட்டியிடும் சரக்குகளின் பெரும்பகுதி லாரிகளில் கொச்சிக்கும் பெங்களூருக்கும் சென்னைக்கும் செல்வதன் காரணம் இதுதான்.

வணிகத்துக்கு வெளியேயும் இழப்பு உண்டு. வளைகுடாவில் பணிபுரிபவருக்கு ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்தால், அவர் இறுதிச் சடங்குக்கு வந்து சேர்வாரா என்பதை அடுத்த விமானம் எப்போது என்பதே தீர்மானிக்கிறது. கோவை மருத்துவமனைகளை நாடி வரும் வெளிநாட்டு நோயாளி, முடியாத உடலோடு ஒருமுறை ஏறி இறங்குவதற்குப் பதில் இருமுறை ஏறி இறங்குகிறார்.

ஓடுபாதை மட்டும் போதுமா?

கோவை விமான நிலையம் என்றாலே ஓடுபாதை விரிவாக்கம்தான் பேசுபொருளாகிறது. இப்போதைய ஓடுபாதை ஏறக்குறைய 3 கி.மீ. நீளம் கொண்டது. கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில், வெயில் மிகுந்த ஊரில் காற்றின் அடர்த்தி குறைவு. முழு எரிபொருளோடும் சரக்கோடும் அகல உடல் விமானம் ஒன்று ஐரோப்பாவுக்குக் கிளம்ப இன்னும் நீண்ட பாதை இருந்தால்தான் நல்லது. இதற்காக 600 ஏக்கருக்கு மேல் நிலம் கையகப்படுத்தும் பணி ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் இழுத்தது. விமான நிலையம் பின்னாளில் தனியாருக்குப் போனால் மாநிலத்தின் நிலத்துக்கு உரிய பங்கு வேண்டும் என்று தமிழ்நாடு அரசு நிபந்தனை விதித்தது. 2021-இல் மத்திய அரசு அறிவித்த பணமாக்கல் திட்டத்தில் கோவையின் பெயரும் இருந்ததால் அந்த அச்சம் காரணமற்றதன்று. 2024-இல் நிபந்தனை தளர்ந்த பிறகே நிலம் கைமாறும் வழி பிறந்தது. இடைப்பட்ட காலத்தில், வீடு கட்டவும் முடியாமல் நிலத்தை விற்கவும் முடியாமல் தவித்த நில உரிமையாளர்களின் ஆண்டுகளை எந்த இழப்பீடும் திருப்பித் தராது.

விரிவாக்கம் அவசியம். ஆனால், அதுவே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற எண்ணம் தவறு. நான்கு மணி நேரத் தொலைவில் உள்ள துபாய்க்குப் பறக்கச் சிறிய வகை விமானமே போதும். இப்போதுள்ள ஓடுபாதையும் போதும். அதே வகை விமானங்கள்தாம் இங்கிருந்து சார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் பறக்கின்றன. நிலத்தில் தடை நீங்கிய பிறகும் காகிதத்தில் தடை இருந்தால், நீண்ட ஓடுபாதையில் வெயில்தான் காயும். கண்ணூர் அதற்குச் சாட்சி.

செய்யக்கூடியவை

துபாயுடனான ஒதுக்கீட்டை உயர்த்தும் பேச்சு எப்போது நடந்தாலும், கூடுதல் இருக்கைகளில் ஒரு பகுதியைப் பெருநகர் அல்லாத ஊர்களுக்கென்று இரு தரப்பும் ஒதுக்க வேண்டும். கோவைக்கு நாளொன்றுக்கு ஒரு விமானம் என்ற வரம்போடு வெளிநாட்டு நிறுவனத்தை அனுமதித்தால், இந்திய நிறுவனங்களின் நலனும் கெடாது. சந்தையின் அளவும் தெரிந்துவிடும். இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் ஒதுக்கும்போது, நேரடிச் சேவை இல்லாத ஊரிலிருந்து இயக்க முன்வருவோருக்கு முன்னுரிமை தரலாம். குறித்த காலத்தில் இயக்காவிட்டால் உரிமத்தைத் திரும்பப் பெறலாம். ஆசியான் பட்டியலில் கோவையைச் சேர்ப்பது இன்னும் எளிது.

மாநில அரசுக்கும் கடமை உண்டு. உள்நாட்டு விமானங்களுக்கான எரிபொருள் மீது தமிழ்நாடு விதிக்கும் மதிப்புக் கூட்டு வரி நாட்டின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. அதை மறுபரிசீலனை செய்யலாம். 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கி.மீ. நீள ஜி.டி. நாயுடு மேம்பாலம் அவிநாசி சாலைப் பயணத்தைக் குறைத்திருக்கிறது. ஆனால், அடுத்த மாதமே மெட்ரோ ரயில் திட்ட அறிக்கையை மத்திய அரசு திருப்பி அனுப்பியதால், விமான நிலையத்துக்கான விரைவுப் பொதுப் போக்குவரத்து கேள்விக்குறியாகவே நிற்கிறது. திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி, மேட்டுப்பாளையம் ஆகிய ஊர்களிலிருந்து விமான நேரங்களுக்கு ஏற்பப் பேருந்துகளை இயக்க எந்த ஒப்பந்தமும் தேவையில்லை.

கோவைக்கு இந்தப் பாடம் புதிதன்று. 1860-களில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற இருப்புப் பாதை போத்தனூரைத் தொட்டுச் சென்றது. பின்னாளிலும் கேரளத்துக்குச் செல்லும் பல ரயில்கள் இருகூரிலிருந்து போத்தனூர் வழியாகக் கோவை சந்திப்பைத் தொடாமலே போய்க்கொண்டிருந்தன. தொலைவில் இருந்த வேறுபாடு சில கி.மீ.தான்; ஆனால் ஒரு பெருநகரமே பாதையிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. தொடர்ந்து குரல் கொடுத்த பிறகு, பாதை இரட்டையாக்கப்பட்ட பிறகு, ரயில்கள் ஊருக்குள் வந்தன. ஊர் இடம்பெயரவில்லை, முடிவுதான் மாறியது.

துபாய் இன்றும் கோவையிலிருந்து 2,780 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. அதை நான்கு மணி நேரமாக வைப்பதா, பத்து மணி நேரமாக வைப்பதா என்பதை அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையின் பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பவர்களே தீர்மானிக்கப்போகிறார்கள். அந்தப் பட்டியல் தயாராகும்போது கொங்கு மண்டலத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி ஒரே குரலில் பேசுவார்களா என்பதுதான் இப்போதைய கேள்வி.